நடத்தைப் பதிவை நேரசூசியோடு வைத்துப் படியுங்கள்

லண்டனில் 36 இடைநிலைப் பள்ளிகளில் ஒரு ஆய்வு நடந்தது. எந்த நேரமும் பள்ளியை விட்டு அனுப்பப்படலாம் என்ற நிலையில் இருந்த 738 பிள்ளைகள், பெரும்பாலும் 13, 14 வயதுக்காரர். குலுக்கல் முறையில் ஏறத்தாழப் பாதிப் பள்ளிகளைத் தெரிந்தெடுத்து அங்குள்ள பிள்ளைகளுக்கு 12 கிழமைப் பயிற்சி கொடுத்தார்கள். வெளியிலிருந்து ஒரு உதவியாளர் வருவார், தனியாகவும் சிறு குழுவாகவும் இருத்தி, கோபம் வந்தால் எப்படிப் பதில் சொல்வது, ஆசிரியரோடு எப்படிக் கதைப்பது, மற்றவர் சொல்வதை எப்படிப் பொறுமையாகக் கேட்பது என்று பழக்குவார். மற்றப் பள்ளிகளுக்கு அந்தப் பயிற்சி இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இங்கிரிட் ஒப்சூத், மனுவல் ஐஸ்னர் ஆகியோரின் குழு 2017இல் முடிவை வெளியிட்டது. விலக்கல், அதாவது பள்ளியிலிருந்து நிறுத்துவது, குறையவில்லை. அதைவிட மோசம், பயிற்சி பெற்ற பிள்ளைகளிடம் கேட்டபோது, மற்றப் பிள்ளைகளைவிட அவர்களில்தான் கூடுதலானோர் தாங்கள் வகுப்பிலிருந்தோ பள்ளியிலிருந்தோ அனுப்பப்பட்டதாகச் சொன்னார்கள்.

இப்படியொரு முடிவை வெளியில் சொல்லத் துணிவு வேண்டும். காசு போட்டவர்களும் வேலை செய்தவர்களும் நல்ல மனதோடுதான் செய்திருப்பார்கள். ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஆய்வாளர்கள் பல காரணங்களை யோசித்துப் பார்க்கிறார்கள், அதில் எனக்கு ஒட்டிக்கொண்டது ஒன்று. ஒரு பெடியனைக் கணிதப் பாடத்தின் நடுவில் பெயர் சொல்லி எழுப்பி, குழப்படிக்காரருக்கான அறைக்கு அனுப்பினால், இவன் யார் என்பது அவனுக்கும் விளங்கும், வகுப்புக்கும் விளங்கும், ஆசிரியருக்கும் விளங்கும். 12 கிழமை கழித்து அவன் திரும்பிப் போவது அதே வகுப்புக்கு, அதே கதிரைக்கு, அவனைப் பற்றி ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட அதே பெரியவர்களிடம். பெடியனை மட்டும் தனியே எடுத்துத் திருத்திக் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்ற நினைப்பே இதில் பிழைத்தது என்பது என் கட்சி. இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் சொல்லப் போகிறேன், வேறொன்றும் இல்லை.

இங்கிலாந்தின் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுவோம். 1996/97 கல்வியாண்டில் 12,668 பிள்ளைகள் நிரந்தரமாக விலக்கப்பட்டார்கள். பிறகு இடையில் ஏறி இறங்கினாலும் மொத்தத்தில் குறைந்து 2012/13இல் 4,630 ஆனது. அதன்பின் மீண்டும் ஏற்றம், 2023/24இல் 10,885. அதே ஆண்டில் தற்காலிக இடைநிறுத்தங்கள் மட்டும் 954,952. ஒரே பிள்ளை பல தடவை நிறுத்தப்பட்டிருப்பான் என்பதால் இது தலைக்கணக்கு இல்லை, ஆனாலும் யோசித்துப் பாருங்கள், பத்து இலட்சத்தை நெருங்குகிறது. கத்தி, போதைப்பொருள், ஆசிரியரை அடித்தது என்று எங்கள் மனதில் முதலில் வருவதெல்லாம் உண்டுதான். ஆனால் பதிவேட்டில் முதலிடத்தில் நிற்கும் காரணம் வேறு: தொடர்ச்சியான இடையூறு. அதாவது ஒரு பெரிய குற்றம் கிடையாது, சின்னச் சின்னதாகச் சேர்ந்துகொண்டே போனது.

யார் இந்தப் பிள்ளைகள் என்று 2019 மே மாதம் முன்னாள் சிறுவர் நல அமைச்சர் எட்வர்ட் டிம்சன் அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கை விரிவாகச் சொல்கிறது. நிரந்தரமாக விலக்கப்பட்டவர்களில் 78 சதவீதத்தினர் சிறப்புக் கல்வித் தேவை உள்ளவர்களாகவோ, இலவச மதிய உணவு பெறும் ஏழைப் பிள்ளைகளாகவோ, சமூக சேவைப் பிரிவு கவனிக்கும் பிள்ளைகளாகவோ இருந்தார்கள். இந்த மூன்றும் ஒன்றாக வாய்த்தவர்கள் 11 சதவீதம். மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தாலும், கரீபியக் கறுப்பினப் பிள்ளை விலக்கப்படும் வாய்ப்பு வெள்ளைப் பிரித்தானியப் பிள்ளையைவிட 1.7 மடங்கு. விலக்கப்பட்டவர்களில் 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையில் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் நல்ல சித்தி பெற்றவர்கள் வெறும் 7 சதவீதம். சிறைக் கைதிகளிடம் முன்பு எடுத்த ஒரு அரசாங்க ஆய்வில், 42 சதவீதத்தினர் தாங்கள் பள்ளியிலிருந்து நிரந்தரமாக விலக்கப்பட்டவர்கள் என்று சொல்லியிருந்தார்கள். விலக்கியதால்தான் சிறைக்குப் போனான் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, அவனை அங்கே கொண்டுபோன வறுமையும் வீட்டுப் பிரச்சினையும் முன்பே இருந்திருக்கும். ஆனால் டிம்சன் அறிக்கையில் இன்னொரு கணக்கு இருக்கிறது, அதைத்தான் நான் ஆட்களைப் பிடித்துப் பிடித்துச் சொல்வேன். 2016/17இல் 85 சதவீதப் பள்ளிகள் ஒரு பிள்ளையைக்கூட நிரந்தரமாக விலக்கவில்லை. பத்துப் பேருக்கு மேல் விலக்கிய பள்ளிகள் நாடு முழுக்க 47 மட்டும். ஆரம்பப் பள்ளிகளையும் சேர்த்த கணக்கு என்பதால் 85 கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும், சரி. அப்படியென்றாலும், கெட்ட பிள்ளைகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல அந்த 47 பள்ளிகளிலா போய்ச் சேர்ந்தார்கள்?

இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் தமிழ் ஆட்களிடம் இதைக் கதைத்தால், "அது கறுவல் பெடியளுக்கும் வெள்ளையளுக்கும் வாற பிரச்சினை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்தப் பேச்சின் அசிங்கம் ஒருபுறம் இருக்கட்டும். ஆசியப் பிள்ளைகளின் விலக்கல் வீதம் மொத்தத்தில் குறைவு என்பது உண்மை. ஆனால் இலங்கைத் தமிழ்ப் பிள்ளை புள்ளிவிபரத்தில் 'ஏனைய ஆசியர்' என்ற பெரிய சாக்குக்குள் விழுந்துவிடுகிறான், அங்கே அவனைத் தனியாகத் தேடிப் பிடிக்க வழியில்லை. லண்டனில் ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் குரொய்டனிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளின் ஆண்டுவிழா மேடையில் ஏறும் பிள்ளைகளை வைத்து நாங்கள் எல்லோரையும் கணக்குப் போடுகிறோம். மேடைக்கு வராத பிள்ளையின் அம்மா அந்த மண்டபத்துக்கும் வரமாட்டார்.

நான் இந்த விஷயத்துக்குள் வந்ததே கடிதம் வாசித்துக் கொடுக்கப் போய்த்தான். தெரிந்த ஒருவர் சொல்லி ஒரு அம்மா தொலைபேசி எடுத்தார். "அக்கா, இவனைப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டிப்போட்டினம். கடிதத்தில என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்காப் பாருங்கோ." போனேன். குசினி மேசையில் ஒரு கடிதம், அதோடு அதிபரின் முடிவை மீளாய்வு செய்யும் கவர்னர்கள், அதாவது பள்ளி நிர்வாகக் குழுவினர், கூடும் கூட்டத்துக்காக அனுப்பிய தடித்த ஒரு கட்டு. பெடியனுக்கு 14 வயது, மேலே அறையில் இருந்தான், நான் இருந்த நேரம் முழுக்கக் கீழே இறங்கவில்லை. கட்டில் பெரும்பகுதி நடத்தைப் பதிவு. இப்போது பல பள்ளிகளில் இதைக் கணினியில் ஏற்றுகிறார்கள், ஆசிரியர் வகுப்பில் நின்றபடியே இரண்டு தட்டுத் தட்டினால் போதும், புள்ளி விழுந்துவிடும். திகதி, எத்தனையாவது பாடவேளை, என்ன பாடம், எத்தனை புள்ளி, கடைசியில் ஒரு சிறு குறிப்பு. பேனா கொண்டுவரவில்லை. கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தான். பகிடி விட்டு வகுப்பைச் சிரிக்க வைத்தான். கழிப்பறைக்குப் போய் நெடுநேரம் திரும்பவில்லை. புத்தகத்தைத் தட்டிவிட்டான். பேனா கொண்டுவரவில்லை. திருப்பிக் கதைத்தான். பேனா கொண்டுவரவில்லை.

அம்மா ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொன்னார். மூன்றாம் பக்கத்தில் நான் குறிப்பை விட்டுவிட்டுப் பாடம் எழுதிய நிரலைப் பார்க்கத் தொடங்கினேன். ஆங்கிலம், வரலாறு, ஆங்கிலம், புவியியல், சமயம், ஆங்கிலம். உடற்பயிற்சிப் பாடத்தில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. மரவேலை, வடிவமைப்பு நடக்கும் பாடத்திலும் இல்லை, அங்கே அந்த ஆசிரியர் பாராட்டுப் புள்ளிகூடப் போட்டிருந்தார். கணிதத்தில் இடைக்கிடை. அம்மாவிடம் அவனுடைய நேரசூசியை எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். பெடியன் குழப்படி செய்த இடமெல்லாம் உரத்து வாசிக்கச் சொல்லும் பாடம், அல்லது பலகையில் உள்ளதைப் பார்த்து நீளமாக எழுதச் சொல்லும் பாடம். வாசிக்கச் சொல்லி அவன் முறை வரும்போதெல்லாம் ஒன்றில் பகிடி, இல்லாவிட்டால் கழிப்பறை. வகுப்பின் முன்னால் தடக்கித் தடக்கி வாசிப்பதைவிட, வெளியே அனுப்பப்படுவது ஒரு 14 வயதுப் பெடியனுக்கு எவ்வளவோ மேல். அந்தக் கட்டில் பத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் எழுதியிருந்தார்கள், ஒவ்வொருவரும் தன் வரியை மட்டும். முழுவதையும் சேர்த்து வைத்து ஒருவரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

கவர்னர்கள் அதிபரின் முடிவை உறுதி செய்தார்கள். பெடியன் பி.ஆர்.யூ. என்று சொல்லும் மாற்றுப் பள்ளிக்குப் போனான். அங்கே சேர்ந்த முதல் கிழமையே வாசிப்புப் பரீட்சை வைத்தார்கள், வாசிப்பு வயது எட்டு, அதாவது எட்டு வயதுப் பிள்ளை வாசிக்கும் அளவு, என்று வந்தது. இடைநிலைப் பள்ளியில் மூன்று வருடம் இருந்தவனுக்கு!

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஷெபீல்டில் ஜூடி கிளெக் என்பவரின் குழு, 2009இல் வெளிவந்த ஆய்வில், நிரந்தர விலக்கலின் விளிம்பில் நின்ற 15 மாணவர்களின் மொழித்திறனைச் சோதித்தது. அவர்களில் 10 பேருக்கு மொழிக் குறைபாடு. சின்ன ஆய்வுதான், 15 பேரை வைத்து நாட்டையே அளக்க முடியாது. ஆனால் இளம் குற்றவாளிகளை வைத்திருக்கும் இடங்களில் செய்த ஆய்வுகளிலும் இதே போக்குத்தான் தெரிகிறது, பெரும்பாலானோரின் மொழித்திறன் சராசரிக்குக் கீழே. மனநலப் பக்கத்தில், எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் டாம்சின் ஃபோர்ட் குழு செய்த ஆய்வு 2018இல் வந்தது. மனநலம் குன்றிய பிள்ளை விலக்கப்படும் வாய்ப்பு அதிகம், விலக்கப்பட்ட பிள்ளையின் மனநலம் பிறகு மேலும் கெடுகிறது. இரண்டு பக்கமும் கூர் உள்ள கத்தி.

அப்படியென்றால் எதுதான் வேலை செய்கிறது? 2018இல் சாரா வால்டெபெனிட்டோவும் கூட்டாளிகளும் 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. பள்ளிக்குள் செய்யும் திட்டங்கள் முதல் ஆறு மாதத்தில் விலக்கலைக் கொஞ்சம் குறைக்கின்றன, பிறகு அந்தப் பலன் கரைந்துவிடுகிறது. ஓரளவு நம்பிக்கை தந்தவை நான்கு: பாடத்தில் பின்தங்கியதைத் தூக்கிவிடுவது, உளவள ஆலோசனை, ஒரு பெரியவர் தொடர்ந்து கூட நின்று கவனிப்பது, ஆசிரியருக்கே வகுப்பை நடத்தும் பயிற்சி. முதலாவதையும் கடைசியையும் பாருங்கள். பாடம் விளங்காததும் ஆசிரியருக்குப் பயிற்சி போதாததும், பெடியனின் குணத்தோடு சம்பந்தமே இல்லாத விஷயங்கள். இதைப் பெடியனைக் காப்பாற்றும் கட்சி என்று யாராவது சொல்லட்டும், எண்கள் அதைத்தான் சொல்கின்றன.

அதே ஆண்டு வந்த இன்னொரு பெரிய ஆய்வு, தென்கிழக்கு இங்கிலாந்தில் 40 பள்ளிகளில் கிறிஸ் பொனெல் குழு செய்தது. தண்டனையை மட்டும் நம்பாமல், தகராறு நடந்தால் இரு தரப்பையும் இருத்திக் கதைத்துத் தீர்க்க ஆசிரியர்களைப் பழக்கினார்கள், பள்ளியின் விதிகளை மாணவரும் சேர்ந்து பார்க்க ஒரு குழுவும் வைத்தார்கள். மூன்று வருடம் கழித்து, ஒருவரை ஒருவர் வதைப்பது சிறிய அளவில் ஆனால் உறுதியாகக் குறைந்திருந்தது. அடிதடியில் மாற்றமில்லை. மந்திரம் ஒன்றும் இல்லை என்பதற்காகத்தான் இதையும் சொல்கிறேன். ஆனால் முழுப் பள்ளியையும் தொட்டது, மூன்று வருடம் நின்று செய்தது, அதனால் கொஞ்சமாவது அசைந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதில் ஆசிரியர் பக்கத்தை விட்டுவிட்டுக் கதைப்பது நியாயமில்லை. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கும் மனுசி, அன்றைக்கு ஐந்தாவது பாடவேளை, ஒருவன் மேசையில் தாளம் போடுகிறான், இன்னொருவன் கத்துகிறான், அவனுடைய வாசிப்பு வயதை அவர் எந்த நேரத்தில் போய்த் தேடுவார்? ஸ்கொட்லாந்தைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். அங்கே நிரந்தர விலக்கல் ஏறத்தாழ இல்லாமலே போய்விட்டது, சில ஆண்டுகளில் ஒற்றை எண். கிளாஸ்கோ நகரம் இதில் பெயர்பெற்றது. ஆனால் அதே ஸ்கொட்லாந்தில் 2023 கடைசியில் வந்த அரசாங்க ஆய்வு, வகுப்பறைக் குழப்பமும் ஆசிரியரை வசைபாடுவதும் முன்பைவிட மோசமாகிவிட்டதாக ஆசிரியர்கள் சொல்வதைப் பதிவு செய்தது. விலக்காதே என்று மேலிருந்து சொல்லிவிட்டு, அதற்கு வேண்டிய ஆளையும் நேரத்தையும் கொடுக்காவிட்டால், சுமை முழுக்க அந்த ஐந்தாவது பாடவேளை ஆசிரியரின் தலையில்தான் விழும். கையில் கத்தியோடு வந்தவனையும் வைத்துக்கொண்டுதான் ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவன் வேறு, பேனா கொண்டுவராதவன் வேறு. அரசாங்கத்தின் சட்டபூர்வ வழிகாட்டியும் அப்படித்தான் சொல்கிறது. இங்கிலாந்தில் நிரந்தரமாக விலக்க இரண்டு நிபந்தனைகள்: நடத்தை விதியைப் பாரதூரமாகவோ தொடர்ச்சியாகவோ மீறியிருக்க வேண்டும், அதோடு அந்தப் பிள்ளை பள்ளியில் தொடர்ந்தால் அவனுடைய அல்லது மற்றவர்களின் கல்விக்கோ நலனுக்கோ பெருங்கேடு வரும் என்றும் இருக்க வேண்டும். இரண்டாவதைக் கூட்டங்களில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பள்ளிகள் ஏன் இந்த வழிக்கு இவ்வளவு சுலபமாகப் போகின்றன என்பதில் இன்னொரு சங்கதி இருக்கிறது, இதைச் சொல்லாமல் விட முடியாது. பள்ளியின் தரவரிசைக் கணக்கில், பதினோராம் ஆண்டு ஜனவரியில் யாருடைய பெயர் பதிவேட்டில் இருக்கிறதோ அவர்களின் பரீட்சை முடிவுதான் சேர்க்கப்படும். அதற்கு முன் போய்விட்ட பிள்ளை, கணக்கிலும் இல்லை. விலக்கல் என்ற பதிவே இல்லாமல், "வீட்டில் வைத்துப் படிப்பிப்பது அவனுக்கு நல்லது, இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று பெற்றோரைக் கொண்டே பெயரை வெட்டுவிக்கும் வேலையும் நடக்கிறது. பள்ளி ஆய்வாளர்களான ஒஃப்ஸ்டெட் இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. விலக்கிய பிள்ளையின் பரீட்சை முடிவுக்கும் விலக்கிய பள்ளியே பொறுப்பேற்க வேண்டும் என்று டிம்சன் பரிந்துரைத்தார். அவருடைய 30 பரிந்துரைகளையும் கொள்கையளவில் ஏற்கிறோம் என்று அன்றைய அரசாங்கம் சொன்னது. கொள்கையளவில் என்றால் என்ன என்று இலங்கையில் வளர்ந்த எங்களுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

இனி வீட்டுப் பக்கம். கடிதம் வந்த அன்றைக்கு எங்கள் வீடுகளில் நடப்பது எனக்குத் தெரியும்: முதலில் அடி, பிறகு அழுகை, பிறகு இதை ஆருக்கும் சொல்லாதே என்ற கட்டளை, கடைசியில் கனடாவில் இருக்கும் மாமாவிடம் அனுப்பிவிடலாமா என்ற யோசனை. அந்த நாட்கள்தான் முக்கியமான நாட்கள். நிரந்தர விலக்கல் என்றால் 15 பள்ளி நாட்களுக்குள் கவர்னர்கள் கூடிப் பார்க்க வேண்டும், பெற்றோர் அங்கே போய்ப் பேசலாம், கூட ஒருவரையும் கூட்டிப் போகலாம். ஆறாவது பள்ளி நாளிலிருந்து பிள்ளைக்கு முழுநேரக் கல்வி ஒழுங்கு செய்ய வேண்டியது கவுன்சிலின் கடமை, அவர்கள் மறந்தால் நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும். "கொஞ்சம் ஆறட்டும், இரண்டு நாளைக்கு வீட்டில் வைத்திருங்கோ" என்று எழுத்தில் ஒன்றும் தராமல் அனுப்பினால் அது சட்டப்படி பிழை, நீங்கள் தலையாட்டியிருந்தாலும் பிழைதான். வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறேன் என்ற எந்தத் தாளிலும் அன்றைக்கே கையெழுத்து வைக்காதீர்கள்.

கவர்னர்கள் கைவிட்டால் அடுத்தது சுயாதீன மீளாய்வுக் குழு. அதற்கும் முடிவுக் கடிதம் கிடைத்து 15 பள்ளி நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சிறப்புக் கல்வித் தேவை பற்றிய நிபுணர் ஒருவரை அந்த அமர்வுக்கு வரச்சொல்லிக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு, பள்ளி அந்தத் தேவையை ஏற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும், காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் 2012க்குப் பிறகு அந்தக் குழுவால் பிள்ளையைத் திரும்பச் சேர் என்று உத்தரவிட முடியாது. முடிவைத் தள்ளுபடி செய்து, மறுபடி யோசியுங்கள் என்று கவர்னர்களிடமே அனுப்பலாம். அவர்கள் அப்போதும் மறுத்தால் பள்ளிக்கு 4,000 பவுண் செலவு வரும், அவ்வளவுதான். ஆகவே முழுப் பலத்தையும் முதல் கூட்டத்திலேயே காட்ட வேண்டும். எந்தெந்தப் பாடத்தில் புள்ளி விழுந்தது என்று பிரித்து எழுதி, வாசிப்பு சோதித்தீர்களா, எப்போது, முடிவு எங்கே என்று கேளுங்கள். கோபப்படாமல் கேளுங்கள், கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் இருங்கள்.

இன்னொன்று, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். விலக்கப்பட்ட பெடியனையே பக்கத்தில் இருத்தி "என்ன சொல்லினம், என்ன சொல்லினம்" என்று கேட்கும் அம்மாக்களைக் கூட்டங்களில் கண்டிருக்கிறேன். அவன் தனக்குத் தோதான பாதியைத்தான் சொல்வான், நானென்றாலும் அப்படித்தான் செய்வேன்.